கோடு இறங்கியதற்காக வன்கொடுமைச் செய்தியை நிறுத்துவதா?

2025 செப்டம்பர் இரண்டாவது வாரத்தில், உலகம் முழுக்க இணையதளம் நடத்துகிற பலருடைய கூகுள் சர்ச் கன்சோலில் ஒரு கோடு மலையிலிருந்து உருண்டதுபோல் இறங்கியது. ‘இம்ப்ரெஷன்’ என்கிற ஊதா நிறக் கோடு. கூகுளில் யாரோ எதையோ தேடும்போது, வருகிற முடிவுகளில் நம் பக்கத்தின் இணைப்பு எத்தனை முறை காட்டப்பட்டது என்பதன் கணக்கு அது. நம் தளத்திலும் அது இறங்கியது. அதுவும் தந்தை பெரியார் பிறந்தநாளுக்குச் சில நாட்களுக்கு முன்னால். 2021இல் தமிழ்நாடு அரசு செப்டம்பர் 17ஐச் சமூகநீதி நாளாக அறிவித்த பிறகு, பேச்சுப்போட்டிக்குத் தயாராகிற பள்ளிப் பிள்ளையிலிருந்து பல்கலைக்கழக ஆய்வாளர் வரை அந்த வாரத்தில் நம் பக்கம் வருவார்கள். ஏற வேண்டிய வாரத்தில் கோடு இறங்கினால் பதற்றம் வராமல் இருக்குமா?

வந்தது. தளத்தின் தொழில்நுட்ப வேலையைப் பார்ப்பது நான் என்பதால் எல்லாத் தோழர்களும் என்னிடம்தான் வந்தார்கள். கேள்வியோடு வரவில்லை, பதிலோடு வந்தார்கள்.

முதல் பதில்: “கூகுள் நம்மை அமுக்குகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று தெரியாதா? பெரியார் பிறந்தநாள் பார்த்து அடிக்கிறார்கள்.” இதை உடனே பதிவாகப் போட வேண்டும், கண்டன அறிக்கை விட வேண்டும், ஹேஷ்டேக் போட வேண்டும் என்றார்கள்.

இரண்டாவது பதில் இன்னும் நாசூக்கானது, இன்னும் ஆபத்தானது. “மக்கள் களைத்துவிட்டார்கள் தோழர். எத்தனை நாள்தான் ஆணவக்கொலை, தீண்டாமைச் சுவர், இரட்டைக் குவளை என்று படிப்பார்கள்? கள ஆய்வு அறிக்கைகளை மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டு, சினிமா, ஓடிடி, ரீல்ஸ் என்று போகலாம். புள்ளிவிவரமே சொல்கிறதே.”

புள்ளிவிவரம் அப்படி எதையும் சொல்லவில்லை. அது என்ன சொன்னது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இது கணினிக்காரன் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று நழுவாதீர்கள். எந்தச் செய்தி வெளிவரும், எது வராது என்பதை இன்று பல இடங்களில் இந்தக் கோடுதான் தீர்மானிக்கிறது.

கூகுள் ஒரு பக்கத்துக்குப் பத்து முடிவுகள் காட்டும். நாமெல்லாம் முதல் பக்கத்தோடு நின்றுவிடுவோம். ஆனால் தேடல் முகவரியின் வாலில் ஒரு சின்னத் துணுக்கைச் சேர்த்தால், ஒரே பக்கத்தில் 100 முடிவுகளையும் கொட்டச் செய்ய முடியும் என்றொரு வசதி பல ஆண்டுகளாக இருந்தது. இதைப் பயன்படுத்திய மனிதர்கள் குறைவு. அள்ளி அள்ளிப் பயன்படுத்தியவை இயந்திரங்கள். “உங்கள் நிறுவனம் கூகுளில் எத்தனையாவது இடத்தில் வருகிறது” என்று கண்காணித்துச் சொல்லிக் காசு வாங்குகிற எஸ்இஓ கருவிகள் இருக்கின்றனவே, அவற்றின் பாட்கள். ஒரு தடவை கேட்டால் நூறு முடிவும் வரும் என்பதால் இரவும் பகலும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

இப்போது இம்ப்ரெஷன் கணக்கின் சூட்சுமத்துக்கு வாருங்கள். உங்கள் இணைப்பு அந்தப் பக்கத்தில் வந்துவிட்டால் போதும், பார்ப்பவர் கீழே இறங்கி அதைக் கண்ணால் காண வேண்டியதில்லை, ஓர் இம்ப்ரெஷன் விழுந்துவிடும். பத்து முடிவுப் பக்கத்தில் 87ஆவது இடத்தில் இருக்கிற கட்டுரையை எந்த மனிதரும் பார்க்கப்போவதில்லை. அதற்கு ஒன்பதாவது பக்கம் வரை போக வேண்டும். ஆனால் நூறு முடிவுகளை ஒன்றாக இறக்குகிற பாட் வந்தால் 87ஆவது இடத்துக்கும் ஒரு ‘பார்வை’ கிடைத்தது. இப்படி யாருமே பார்க்காத பார்வைகள் ஆண்டுக்கணக்கில் நம் கோட்டைத் தூக்கி வைத்திருந்தன.

2025 செப்டம்பரில் கூகுள் அந்த வசதியை நிறுத்தியது. முன்கூட்டி ஓர் அறிவிப்புகூட இல்லை. நிலவரம் அம்பலமான பிறகு, அந்தத் துணுக்கு தாங்கள் முறைப்படி ஆதரிக்கிற ஒன்றல்ல என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள். பாட்களால் நூறையும் ஒரே மூச்சில் அள்ள முடியாமல் போனது; ஆழத்தில் கிடந்த இணைப்புகளுக்கு விழுந்துகொண்டிருந்த பொய்ப் பார்வைகள் நின்றன. கோடு இறங்கியது.

இது உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பது? அதே அறிக்கையிலேயே வழி இருக்கிறது. ‘டிவைஸ்’ என்கிற இடத்தைத் திறந்து டெஸ்க்டாப்பையும் மொபைலையும் தனித்தனியாகப் பாருங்கள். பாட்கள் பெரும்பாலும் டெஸ்க்டாப் வேடத்தில்தான் வந்தன. நம் வாசகர்களோ பேருந்திலும் விடுதி அறையிலும் கைப்பேசியில் படிக்கிறவர்கள். நம் தளத்தில் இறங்கியது டெஸ்க்டாப் கோடுதான். மொபைல் கோடு வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்து, கிளிக். மனிதர் சொடுக்கி உள்ளே வந்ததன் கணக்கு அது, அறிக்கையில் நீல நிறத்தில் இருக்கும். அது பெரியார் பிறந்தநாளை ஒட்டி ஏறத்தான் செய்தது. மூன்றாவதாகச் ‘சராசரி இடம்’. இதுதான் வேடிக்கை. கோடு விழுந்த அதே நாட்களில் நம் சராசரி இடம் திடீரென்று மேம்பட்டிருந்தது!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டுரை ஒரு சொல்லுக்கு 4ஆவது இடத்தில் பத்து முறை மனிதர்களுக்குக் காட்டப்படுகிறது. வேறொரு சொல்லுக்கு 96ஆவது இடத்தில் பத்து முறை பாட்களுக்குக் காட்டப்படுகிறது. மொத்தம் 20 இம்ப்ரெஷன், சராசரி இடம் 50. பாட் போய்விட்டால்? 10 இம்ப்ரெஷன், சராசரி இடம் 4. பார்வை பாதியாகக் குறைந்ததுபோலவும், தரவரிசை எங்கோ உயர்ந்ததுபோலவும் தெரியும். அந்தப் பத்து மனிதர்களைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை.

நம்மை அமுக்குகிற கூகுள் நம் சராசரி இடத்தை ஏன் உயர்த்த வேண்டும் என்று முதல் பதில்காரத் தோழர்களில் ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண்டன அறிக்கையின் முதல் வரைவு அதற்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

நான் கூகுளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கூகுளுக்குள் சாதி இல்லை என்று சொல்கிற அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கவில்லை. 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டி, ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜனை கூகுள் நியூஸ் பிரிவில் சாதி குறித்துப் பேச அழைத்திருந்தார்கள். அவர் இந்து வெறுப்பாளர் என்று ஊழியர்கள் சிலர் உள்ளுக்குள் கிளப்பிவிட்டார்கள். கூட்டம் ரத்தானது. அவரை அழைத்த மூத்த மேலாளர் தனுஜா குப்தா வேலையை விட்டே விலகினார். இதெல்லாம் ஆதாரத்தோடு, பெயரோடு, தேதியோடு நிற்கிற குற்றச்சாட்டுகள். இப்படி நிற்கிற குற்றச்சாட்டுகள் கையில் இருக்கும்போது, ஒரு பாட் நின்றுபோனதற்கு ‘சனாதனச் சதி’ என்று நாம் அறிக்கை விட்டால் என்ன ஆகும்? எதிரி சிரிப்பான். அது பரவாயில்லை. நாளைக்கு உண்மையிலேயே நம்மை முடக்கும்போது நம் பக்கத்து ஆளே நம்மை நம்பமாட்டார். அதுதான் பெரிய நட்டம்.

உண்மையான மறுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1920 ஜனவரி 31இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூகநாயக்’ இதழைத் தொடங்கினார். காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் திலகரின் ‘கேசரி’ மறுத்துவிட்டது. கேட்டதற்கும் கிடைத்த மறுப்புக்கும் சாட்சி இருந்தது. அதனால்தான் நூறு ஆண்டு கழித்தும் நாம் அதைச் சொல்ல முடிகிறது.

சரி, இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். என் கோபம் உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

எண்களை எப்படிப் படிப்பது என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதில் தழும்பேறியவர்கள் நாம். 2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் ராம்தாஸ் அத்வாலே மாநிலங்களவையில் ஒரு பதில் தந்தார்: கையால் மலம் அள்ளுவதால் இறந்தவர்கள் என்று எந்தத் தகவலும் இல்லை. பூஜ்யம்! தலித் பாந்தர் இயக்கத்திலிருந்து வந்தவர் வாயிலிருந்து வந்த பூஜ்யம் அது. மலக்குழிக்குள் இறங்கியவர்கள் அந்த ஆண்டுகளில் சாகாமலா இருந்தார்கள்? செத்தார்கள். அந்தச் சாவுகளை ‘சாக்கடை மற்றும் மலக்குழிகளை ஆபத்தான முறையில் சுத்தம் செய்தல்’ என்று வேறொரு பெயரில், வேறொரு பெட்டியில் போட்டுவிட்டார்கள். பெட்டியை மாற்றியதும் ஒரு பெட்டி காலியானது. காலிப் பெட்டியைத் திறந்து காட்டி, பார்த்தீர்களா சாவே இல்லை என்றார்கள். அன்றைக்கு நாம் என்ன செய்தோம்? எண்ணை ஏற்றுக்கொண்டோமா? எண்ணியது யார், எதை எண்ணினாய், எப்படி எண்ணினாய் என்று சட்டையைப் பிடித்துக் கேட்டோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையும் அப்படித்தான். ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் மிகக் கடுமையான ஒன்றை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். ஒரு பெண்ணை வன்புணர்ந்து கொன்றால் அது கொலைக் கணக்கில் போகும், வன்புணர்வுக் கணக்கில் வராது. ஒரு மாவட்டத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவான வழக்குகள் குறைந்துவிட்டன என்று காட்டினால், வன்கொடுமை குறைந்ததா அல்லது ஆய்வாளர் வழக்கே பதியாமல் கட்டப்பஞ்சாயத்து பேசி அனுப்பினாரா என்று நாம் கேட்போம். கேட்காத தோழர் யாராவது உண்டா நம்மில்? காவல் நிலையத்தில் அவ்வளவு கறாராகக் கேள்வி கேட்கிற நாம், கலிபோர்னியாவிலிருந்து ஒரு நிறுவனம் அனுப்புகிற வரைபடத்தின் முன்னால் மட்டும் ஏன் கைகட்டி நிற்கிறோம்?

கலிபோர்னியா என்று பேச்சுக்காகச் சொல்லவில்லை. சர்ச் கன்சோலின் நாள்வாரி அறிக்கையில் ‘ஒரு நாள்’ என்பது அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவில் தொடங்குகிறது. நமக்கு அப்போது பகல் 12.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 1.30. ஏப்ரல் 14 காலை பத்து மணிக்கு ஒரு மாணவி அம்பேத்கர் பற்றித் தேடி நம் தளத்துக்கு வந்தால், அந்த வருகை ஏப்ரல் 13இன் கணக்கில்தான் ஏறும். சமத்துவ நாளின் காலை முழுவதும் முந்தைய நாளுக்குப் போய்விடும். “ஜெயந்தி அன்றைக்கே கூட்டம் குறைவு தோழர்” என்று ஒரு தோழர் வருத்தப்பட்டார். அவருடைய ஏப்ரல் 14 வேறு, கூகுளின் ஏப்ரல் 14 வேறு.

பெரிய நாள் கழிந்ததும் கோடு இறங்கும், அதற்கும் பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியைத் தேடுகிறவர்கள் 27ஆம் தேதி தேடுவதில்லை. 44 பேரை உயிரோடு கொளுத்திய 1968ஐ ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் நினைத்துக்கொள்கிற நம் பழக்கத்தைப் பற்றி வேண்டுமானால் வருத்தப்படலாம், தளத்தைப் பற்றி வருத்தப்பட ஒன்றுமில்லை. போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். போன ஆண்டின் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள். அதற்கும் ஒரு தடை உண்டு: கூகுள் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும். அதற்கு முந்தையது நமக்கில்லை. மாதந்தோறும் இறக்கி நாமே சேமித்து வைத்தால்தான் உண்டு. நம் ஆவணத்தை நாமே காக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம், இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்ய ஆளில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இதைக் கவனித்துப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் கள ஆய்வு அறிக்கைகளின் தலை உருளுகிறது.

எந்தெந்தச் சொற்களைத் தேடி மக்கள் நம் தளத்துக்கு வந்தார்கள் என்று சர்ச் கன்சோல் ஒரு பட்டியல் தரும். அதைப் பார்த்துத்தான் “சினிமா பெயர்கள்தான் மேலே இருக்கின்றன, கிராமங்களின் பெயரே இல்லை” என்றார்கள். இல்லாமல்தான் இருக்கும். மிகச் சிலரே தேடிய சொற்களை, தேடியவரின் அந்தரங்கம் கருதி, கூகுள் அந்தப் பட்டியலில் காட்டாது. ஒரு புதுப்படத்தின் பெயரை ஆயிரக்கணக்கானோர் ஒரே எழுத்தில் தேடுவார்கள், பட்டியலில் ஏறும். ஓர் ஊராட்சியின் சேரியில் நடந்த தாக்குதலைத் தேடுகிறவர்கள் யார்? அந்த ஊர்க்காரர், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் உறவினர், வழக்கை எடுத்த வழக்கறிஞர், பக்கத்து ஊர் ஆசிரியர். சிலர்தான். அந்தச் சிலரும் ஒரே மாதிரியா தேடுவார்கள்? ஒருவர் தமிழில் அடிப்பார், ஒருவர் ஆங்கில எழுத்தில் அடிப்பார், ஒருவர் ‘பட்டி’யைச் சேர்த்தடிப்பார், ஒருவர் பிரித்தடிப்பார். ஒரே ஊர்ப்பெயர் பத்து உருவங்களில் சிதறும். ஒவ்வொன்றும் மறைக்கப்படுகிற அளவுக்குச் சிறிதாகிவிடும்.

இத்தனைக்கும் அவர்கள் நம் பக்கத்துக்கு வந்திருப்பார்கள், படித்திருப்பார்கள். மொத்தக் கணக்கிலும் இருப்பார்கள். சொற்பட்டியலில் மட்டும் இருக்கமாட்டார்கள். பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் மொத்தத்தைவிடக் குறைவாக வருவது இதனால்தான். ஒரு குறிப்பிட்ட சொல்லை வைத்து அறிக்கையை வடிகட்டினீர்கள் என்றால் கோடு இன்னும் சரியும், காரணம் மறைக்கப்பட்டவர்கள் மொத்தமாக வெளியே போய்விடுவார்கள். சொற்பட்டியலை மூடிவிட்டு, எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்கிற ‘பேஜஸ்’ பட்டியலைத் திறக்க வேண்டும். திறந்தேன். கள ஆய்வு அறிக்கைகளுக்கு ஒரு பண்பு தெரிகிறது: வெளியான வாரத்தில் பெரிய கூட்டம் வராது. ஆனால் மாதங்கள் கழித்தும் ஆள் வந்துகொண்டே இருக்கும். வழக்கு விசாரணைக்கு வரும்போது வருவார்கள். வேறோர் ஊரில் அதே மாதிரி ஒன்று நடக்கும்போது வருவார்கள். சினிமா விமர்சனத்துக்கு மூன்றாவது வாரத்தில் ஈ ஆடாது.

எண்ணப்படாதவர்களுக்காகவே தொடங்கிய இயக்கம் இது. 1931க்குப் பிறகு முழுமையான சாதிவாரிக் கணக்கு வெளியாகாத நாட்டில், எண்ணாமல் விடுவதும் ஓர் அரசியல் என்று தொண்டை வறளப் பேசுகிறவர்கள் நாம். நம் சொந்தத் தளத்தில், எண்ணாமல் விடப்பட்டவர்கள் இல்லவே இல்லாதவர்கள் என்று முடிவு கட்டுவோமா?

எண்ணை நம்பி எழுத்தாளர்களை வெளியேற்றியவர்கள் கதை ஒன்று அண்மை வரலாற்றிலேயே இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: மக்கள் வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று இரண்டு ஆண்டுகளாகத் தான் சொல்லிவந்த கணக்கு ஊதிப்பெருத்த கணக்கு. 3 நொடிக்கும் குறைவாகப் பார்த்து ஓடியவர்களைச் சராசரியிலிருந்து விட்டுவிட்டு வகுத்திருந்தார்கள். அந்த வீடியோ மோகத்தின் அலையில் அமெரிக்காவில் எத்தனையோ செய்தித் தளங்கள் எழுதுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பின. ‘மைக்’ என்ற இளைஞர் தளம் 2017இல் அப்படித்தான் வீடியோவுக்குத் தாவியது. 2018 நவம்பரில் இருந்த ஊழியர்களிலும் பெரும்பகுதியினரை அனுப்பிவிட்டுக் கடையைக் கட்டியது. விளம்பரதாரர்கள் போட்ட வழக்கில் ஃபேஸ்புக் 4 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. வேலை போன செய்தியாளர்களுக்கு அதில் பங்கில்லை.

நம் கள ஆய்வு எழுதுகிற தோழர்களுக்கு வேலை போகிற கவலை இல்லை, ஏனென்றால் நாம் அவர்களுக்குச் சம்பளமே கொடுப்பதில்லை. விடுப்பு போட்டு, சொந்தக் காசில் பேருந்து பிடித்து, ஊருக்குள் நுழையும்போது மறிக்கிறவர்களிடம் பேச்சு வாங்கி, தெருவில் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புகிறார்கள். அவர்களிடம் போய் “உன் எழுத்தை யாரும் படிக்கவில்லை” என்று சொல்வதற்கு நமக்கு ஒரு பாட் போதுமாயிருக்கிறது.

எல்லா இறக்கமும் பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையான இறக்கம் உண்டு. தளத்தைப் புதுப்பிக்கிறேன் என்று வந்த ஒருவர், வேலை நடக்கும்போது கூகுள் தேடல் முடிவுகளில் தளம் வராமலிருக்க ‘நோஇன்டெக்ஸ்’ என்றொரு குறியைப் போட்டுவிட்டு, முடிந்ததும் எடுக்க மறந்து போய்விடுவார். அப்போது இம்ப்ரெஷன், கிளிக் இரண்டும் சேர்ந்து, மொபைலிலும் டெஸ்க்டாப்பிலும் சேர்ந்து மாயும். நமக்குத் தெரிந்த ஒரு தோழமைத் தளத்தில் இப்படி ஆகி, வாரக்கணக்கில் அரசியல் விளக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். டொமைன் மாற்றினால், பழைய முகவரிக்கான அறிக்கையைத் திறந்து பார்க்கிறவருக்குத் தளம் செத்ததுபோல் தெரியும். கணக்கு புதிய முகவரிக்குப் போயிருக்கும். கடைசி இரண்டு நாள் கணக்கு அரைகுறையாகத்தான் வரும், அதைப் பார்த்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

இன்னொரு வகை இறக்கம் இருக்கிறது, அதற்கு நான் உண்மையிலேயே பயப்படுகிறேன். 2024 ஆகஸ்டில் கூகுள் ஏஐ சுருக்கங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தேடல் முடிவுகளின் தலைமாட்டில் பதிலைத் தானே எழுதிவிடும். கீழே நம் இணைப்பு இருக்கும், இம்ப்ரெஷன் விழும். ஆனால் பதில் கிடைத்துவிட்டதால் ஆள் உள்ளே வரமாட்டார். அதாவது ஊதாக் கோடு நிமிர்ந்து நிற்க, நீலக் கோடு மட்டும் தேயும். செப்டம்பரில் நடந்ததற்கு நேர்மாறு. இதில் நம் தோழர் தெருவில் உட்கார்ந்து கேட்டு எழுதியதை இயந்திரம் சப்பிப் பிழிந்து இரண்டு வரியாகக் கொடுத்துவிடும். யார் எழுதினார், எந்த ஊர், யார் அடித்தார், அடித்தவர் என்ன சாதி என்பதெல்லாம் அந்த இரண்டு வரியில் மிஞ்சுமா என்பது சந்தேகம். கண்டன அறிக்கை எழுதக் கை அரிக்கிறவர்கள் இதற்கு எழுதுங்கள். நானே உட்கார்ந்து எண் எடுத்துத் தருகிறேன்.

நம் தளம் இருக்கிற சர்வரில் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி பதிவாகிறது. அதற்கு கூகுள் தயவு வேண்டாம். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எந்த வழியாக என்று அதில் இருக்கும். தங்களை மறைக்காத பாட்களை அதிலிருந்து கழித்துவிடலாம், மறைத்துக்கொண்டு வருபவற்றை முழுசாகக் கழிக்க முடியாது, ஆனாலும் அது நம் கையிலிருக்கிற கணக்கு. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று மாதத்துக்குமான வரிகளை எடுத்து, கள ஆய்வு அறிக்கை ஒவ்வொன்றுக்கும் தனித்தாளாக அச்செடுத்திருக்கிறேன். அதில் ஓர் அறிக்கைக்குத் தொடர்ந்து ஒன்பது நாள் இரவு ஒரே சின்ன ஊரின் இணைய இணைப்பிலிருந்து வருகை இருக்கிறது. எந்த ஊர் என்று இங்கே எழுதமாட்டேன்.

வரும் ஞாயிறு ஆசிரியர் குழுக் கூட்டத்தில் “கள ஆய்வைக் குறைப்பது” என்பது மூன்றாவது பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் அந்தத் தாள்கள் மேசையில் இருக்கும். முன்மொழிகிற தோழர் முதலில் அதைப் படித்துவிட்டுப் பேசட்டும்.